நல்ல வகை

ஈரத்துணியைப் பிழிந்து கணவரின் நெற்றியில் அவள் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் அண்ணன் ஆஸ்பத்திரி அறைக்குள் பாய்ந்தான்.

“வந்துருச்சு! ஜீன் ரிசல்ட் வந்துருச்சு!”

மருந்துக் கம்பெனிக்காக ஒரு காலத்தில் பை தூக்கியவன் அவன். அதனால் வீட்டில் அவனுக்குப் பாதி டாக்டர் என்று பெயர். மீதிப் பாதியை அவன் போன் பார்த்துக்கொண்டது.

“ரத்தப் புற்று அணுவுக்கு நடுவுல கிண்ணம் மாதிரி பள்ளமாம். அதைப் பாத்ததுமே பெரிய டாக்டருக்குச் சந்தேகமாம். இப்ப உறுதியாயிருச்சு. மியூட்டேஷன்லயே நல்ல வகை! மருந்துக்குக் கேக்கும் மாப்ளே!”

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “பள்ளிக்கூடத்துல வாங்காத மார்க்கை ரத்தத்துல வாங்கிட்டேன் மச்சான்.”

கீமோ ஆரம்பித்ததிலிருந்து இந்த வார்த்தைக்காகத்தான் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். வந்த பிறகும் நெருப்பு அணையவில்லை. அவர் நெற்றி கொதித்தது, கை சில்லிட்டிருந்தது.

“அண்ணே, நகமெல்லாம் நீலமா இருக்கு.”

“ஏசி,” என்றான் பாதி டாக்டர்.

நர்ஸிடம் ஓடினாள். “ரிப்போர்ட் சூப்பரா வந்துருக்கேம்மா, இன்னும் ஏன் பயப்படுறீங்க?”

பெரிய டாக்டர் மாணவர் படையோடு வந்தார். கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்று, கையிலிருந்த திரையில் அணுவின் படத்தைப் பெரிதாக்கினார். “எவ்வளவு அழகான பள்ளம் பாருங்க!” படை ஆமோதித்தது.

அவள் அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்தாள். “சார், படம் எங்கயும் போயிராது. ஆளைப் பாருங்க.”

பார்த்தார். மணிக்கட்டைத் தொட்டதும் முகம் மாறியது. மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். திரைச்சீலையை இழுத்து அவளை வெளியே நிறுத்தினார்கள்.

சாயங்காலம் சொன்னார்கள்: கீமோவில் எதிர்ப்புச் சக்தி போயிருந்தது, ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது, காப்பாற்ற முடியவில்லை. புற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல, “வகை நல்ல வகைதான்” என்றும் சொன்னார்கள்.

வண்டி வந்தது. அண்ணன் வாசலில் நின்று யாருக்கோ போனில் விளக்கிக்கொண்டிருந்தான். “இல்லைங்க, ரிசல்ட்டெல்லாம் நல்லா…” போனைக் காதில் வைத்தபடியே நின்றான்.

“பின்னாடி யாரு ஏறுறீங்க?” டிரைவர் கேட்டார்.

அவள் ஏறினாள். வளைவுகளில் ஸ்ட்ரெச்சர் கதவுப் பக்கம் நழுவியது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீடு வரும்வரை காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தாள்.