கொசு உள்ளான் கிளம்பும் நேரம்

கதிர்காமத்திலிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸின் டயர் வெடித்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆடி மாதம். அம்பாந்தோட்டைக்குச் சற்று முன்னால் ஒரு களப்பு, கடலை ஒட்டிய உப்புநீர் ஏரி. கரையில் பறவைகள் சரணாலயம் என்று சிங்களத்தில் எழுதிய பலகை. டயர் மாற்றும் வரை நானும் என் வீட்டுக்காரர் சுரேந்திரனும் இறங்கி நின்றோம். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சேறு. நடுவே சிவந்த குச்சிக்கால்களோடு நாலைந்து நெடுங்கால் உள்ளான்கள். பலகையில் வரைந்த படத்தில் மட்டும் கூட்டம் கூட்டமாகக் குருவிகள்.

"போர்டுல இருக்கு, சேத்துல இல்ல. கவுர்மெண்டு வேல," என்றார்.

"இது ஆடி மாசங்க. அதுங்க இப்ப சைபீரியாவுல முட்ட வச்சிருக்கும். ஐப்பசியில வந்து சித்திரையில போயிரும்."

"நீ பாத்தியா?"

நான் பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அவர் அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெக்கானிக். கழற்றிப் பார்க்காத எதையும் நம்பாதவர். அவர் கேட்டது கேலிக்குத்தான், ஆனால் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பறவைகள் வலசை போவதை வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள், அம்பு கிளம்புவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஐப்பசியில் ஸ்டோர் லொறி அந்தப் பக்கம் போனபோது தொற்றிக்கொண்டோம். சேறு நகர்வதுபோல் இருந்தது. பைனாகுலரில் பார்த்தால் சேறு அல்ல, சாம்பல் நிறத்தில் ஆயிரக்கணக்கான முதுகுகள். மிகச் சிறியது கொசு உள்ளான். இரண்டு மூன்று தீப்பெட்டி எடைதான் இருக்கும். அதன் பக்கத்தில் அலகு கீழே வளைந்த வளைமூக்கு உள்ளான். இன்னும் தள்ளி, முழங்கால் தண்ணீரில், நீள அலகுக் கருவால் மூக்கன். நாங்கள் அறியாத வடக்கிலிருந்து அத்தனையும் வந்து இறங்கியிருந்தன.

தையில் மறுபடி போனோம். இத்தனை வாய்கள் ஒரே சேற்றில் எப்படிச் சண்டையில்லாமல் சாப்பிடுகின்றன என்று அன்றைக்குத்தான் விளங்கியது. குட்டை அலகு மேல்சேற்றைக் கொத்துகிறது. நடுத்தர அலகு அதற்குக் கீழே. நீள அலகு அடியில் கிடக்கும் புழுவரைக்கும் போகிறது. நுனியில் தொடு உணர்வு இருப்பதால் கண் தேவையில்லை, கை விட்டுத் துழாவுவது போலத்தான்.

"நம்ம ஸ்டோர் சல்லட மாதிரி. ஒவ்வொரு கண்ணுக்கும் ஒவ்வொரு தூள்," என்றார் அவர். பிறகு பைனாகுலரைத் திருப்பித் தரவேயில்லை.

வந்ததைப் பார்த்தாயிற்று, இருந்ததையும் பார்த்தாயிற்று. போவதைப் பார்க்க வேண்டும். தொண்ணூற்றேழு சித்திரையில், புத்தாண்டு விடுமுறையின் கடைசி வாரம், ஐந்து மாத வயிற்றோடு பஸ் ஏறினேன். இனி ஒரு சித்திரையில் கைக்குழந்தையோடு இவ்வளவு தூரம் வர யார் விடப்போகிறார்கள்? இன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

இங்கே நேர விஷயத்தைச் சொல்ல வேண்டும். முந்தைய வருடம் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்சாரம் மிச்சம் பிடிப்பதற்காக அரசாங்கம் நாட்டின் கடிகாரங்களை முன்னே தள்ளியது. முதலில் ஒரு மணி, பிறகு குறைத்து அரை மணி. எங்கள் தோட்டத்து மேனேஜர் துரை ஒத்துக்கொள்ளவில்லை. கொழுந்து பறிக்க வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் அரசாங்கம் சொல்லி வருவதில்லை என்று ஸ்டோர் சங்கைப் பழையபடியே ஊதச் சொன்னார். அதனால் எங்களுக்கு இரண்டு நேரம்: டவுன் நேரம், தோட்ட நேரம். டவுனில் ஆறு என்றால் தோட்டத்தில் ஐந்தரை. சுரேந்திரனின் கைக்கடிகாரம் தோட்ட நேரத்தில்தான் ஓடும்.

கடைசி பஸ் ஆறு மணிக்கு என்று கண்டக்டர் சொன்னான். "அப்ப நம்ம கணக்குல ஆறரை," என்றார் இவர். நான் பறவை நினைப்பில் தலையாட்டினேன்.

பிற்பகல் முழுவதும் கரையில் இருந்தோம். சாம்பலாக வந்த வளைமூக்கு உள்ளான்கள் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தன. எல்லாம் கொழுத்து உருண்டிருந்தன. வனத்துறைக் காவலர் விமலசேன சைக்கிளில் வந்து, முதலில் பைனாகுலரையும் பிறகு எங்கள் முகத்தையும் பார்த்தார். அடையாள அட்டையைக் கேட்டார். யுத்தம் நடந்த அந்த நாட்களில் கரையோரத்தில் தமிழர் கையில் பைனாகுலர் என்றால் கேட்கத்தான் செய்வார்கள். இவர் சிங்களத்தில் விளக்கினார்.

"குருவி போறத பாக்கவா? இதுக்கா பலாங்கொடையிலயிருந்து வந்தீங்க?" என்று அட்டையைத் திருப்பித் தந்தார். "நான் பதினோரு வருசமா இங்க. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அவ்வளவுதான்."

வெயில் இறங்கியது. ஒன்றும் கிளம்பவில்லை.

"கலா, வா. பஸ்ஸ விட்டா ராத்திரி இங்கதான்."

"இன்னும் கொஞ்ச நேரங்க."

"பிள்ளத்தாச்சிய ரோட்டுல நிறுத்தினேன்னு ஒங்கம்மாகிட்ட நான் பேச்சு வாங்கவா?"

எழுந்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். ரோட்டுக்கு வந்தோம். அவர் கடிகாரத்தில் ஆறு. நின்றோம். பஸ் இல்லை. வேலை முடிந்து வந்த விமலசேன சைக்கிளை நிறுத்தினார்.

"மஹத்தயா, பஸ் போய் அரை மணியாச்சே." சுரேந்திரனின் மணிக்கட்டைப் பார்த்துச் சிரித்தார். "இது பரண வெலாவ இல்லியா?"

மஹத்தயா என்றால் ஐயா, பரண வெலாவ என்றால் பழைய நேரம். இவர் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தார்.

"மெஷின்ல ஒரு நூல் அளவு தப்புனா ஊரக் கூட்டுறீங்க. ஒரு பஸ்ஸையே தொலச்சிட்டீங்களே," என்றேன். கோபமாகத்தான் தொடங்கினேன், முடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. பெல்மதுளை ஸஹாப்தீன் முதலாளியின் கருவாட்டு லொறி கொஞ்ச நேரத்தில் இந்த வழியாக வரும், நிறுத்தி ஏற்றிவிடுகிறேன் என்றார் விமலசேன. நான் அதற்குள் கரைக்குத் திரும்பியிருந்தேன். இருவரும் பின்னால் வந்தார்கள்.

சத்தம் மாறியிருந்தது. பகலெல்லாம் மௌனமாகத் தின்ற கூட்டம் இப்போது ஒரே நேரத்தில் பேசியது. முப்பது நாற்பது கொசு உள்ளான்கள் எழுந்து களப்பைச் சுற்றி வந்து, திரும்ப இறங்கின. மறுபடி எழுந்தன, மறுபடி இறங்கின. மேலே காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கின்றன என்று நினைக்கிறேன். மூன்றாம் முறை இறங்கவில்லை. சுற்றிச் சுற்றி ஏறின. சிதறிய புள்ளிகள் ஒரு கோடாயின, கோடு வளைந்து நிமிர்ந்தது, நிமிர்ந்ததும் வடமேற்கே திரும்பி எங்கள் தலைக்கு மேலாகப் போனது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பின்னால் இன்னொரு கோடு. அதன் பின்னால் செங்கல் நிறத்தில் ஒன்று. பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

சூரியன் இறங்கும் திசை திசைகாட்டி, அது மறைந்ததும் நட்சத்திரம், இதெல்லாம் நானே சொல்லிக்கொடுத்த பாடம். அதே பாடம் இறக்கையடித்துப் போவதைப் பார்க்கும்போது ஒரு வரிகூட நினைவில் நிற்கவில்லை.

"பெட்ரோல் எங்க?" என்றார் சுரேந்திரன், குரலைத் தாழ்த்தி.

"கொழுப்புதான். இத்தன நாள் தின்னது."

"தண்ணி?"

"கொழுப்பு எரியும்போதே உள்ள தண்ணி ஊறும். சில சாதிக்குக் குடலே சுருங்கிரும். பறக்கும்போது அது வீண் பாரம்."

"டேங்கும் ரேடியேட்டரும் ஒண்ணா," என்றார். "வேண்டாத பார்ட்ட வேற கழட்டி வச்சிட்டுப் போகுதா." பைனாகுலரை விமலசேனவிடம் நீட்டினார். அவர் வாங்கிப் பார்த்தார், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. சைக்கிள் அவர் இடுப்பிலிருந்து சரிந்து புல்லில் விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

விமலசேன நிறுத்திய லொறியில் டிரைவர் காமிலின் பக்கத்தில் இடம் கிடைத்தது. எம்பிலிப்பிட்டியாவைத் தாண்டியதும் மலைகள் கறுத்து எழும்பின. அவை போன திசையில்தான் நாங்களும் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் தோட்டத்து லய வீடுகளின் தகரக் கூரைக்கு மேலாக, தண்ணீர்ப் பீலிக்கரையில் பெண்கள் சட்டி கழுவும் நேரத்தில், எத்தனையோ சித்திரைகளாக இவை போயிருக்க வேண்டும். யாரும் அண்ணாந்து பார்த்ததில்லை. நானும்தான்.

சுரேந்திரன் தலையை வெளியே நீட்டியபடி வந்தார்.

"என்ன மஹத்தயா, தலசுத்தா?" என்றார் காமில்.

இவர் விளக்கத் தொடங்கினார். எடையைத் தப்பாகச் சொன்னார், சைபீரியாவை ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் திருத்தவில்லை. காமில் பாதியில், "இந்த மேட்டுல நிப்பாட்டினா சத்தம் கேக்குமா?" என்றார்.

நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். முதலில் தவளைகள் மட்டும். பிறகு, மிக உயரத்தில், மெல்லிய சிறு குரல்கள், ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டு. வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். கருவாட்டு லொறியை மறுபடி கிளப்பும்படி வெகுநேரம் யாரும் சொல்லவில்லை.