என் முகமே சாட்சி

நான் வீட்டில் செய்து விற்கும் முகக் கிரீமுக்கு, வெளியூரில் இருக்கும் என் தங்கைதான் விளம்பரம் செய்து தருகிறாள். தொழில் தொடங்குமுன் எடுத்த என் படத்தையும், இன்று காலை எடுத்ததையும் அவளுக்கு அனுப்பினேன்.

"'முன்', 'பின்'னு எழுதிடு. மேல 'என் முகமே சாட்சி'ன்னு பெருசாப் போடு."

பிறகு தேன்மெழுகை உருக்கி, எண்ணெய் கலந்து, டப்பாக்களில் ஊற்றி, லேபிள் ஒட்டி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

மாலையில் அவளே கூப்பிட்டாள். "அக்கா, ஆர்டர் குவியுது! முகத்துல என்னமா ஒரு களை!"

விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். பழைய முகத்தின் கீழே 'பின்' என்று இருந்தது. இன்றைய முகம் 'முன்' ஆகியிருந்தது.

"உன் கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? மாத்திப் போட்டிருக்கடி!"

அவள் இரண்டு படங்களையும் மறுபடி பார்த்திருக்க வேண்டும். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீ ஒழுங்காத் தூங்குறியா?"

போனை வைத்தேன். விளம்பரத்தின் கீழே ஒருத்தி, "எனக்கும் இந்த முகம் வருமா?" என்று கேட்டிருந்தாள். வழக்கமாக, 'கண்டிப்பா வரும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

இன்று, "முதல்ல எனக்கு வரட்டும்மா, சொல்றேன்" என்று எழுதி அனுப்பினேன்.