பாதிக் கிராப்பு

என் உடம்பே என் நரம்புகளைத் தாக்கிய நோய் அது. ஒரே வாரத்தில் கால் முதல் கழுத்து வரை அசைவில்லாமல் போனேன். ஐந்து மாதம் கழித்து, இப்போது மறுவாழ்வு மையத்தில் தடி ஊன்றி நடக்கிறேன். ஆனால் நான் முடி வெட்டுகிறவன். கால் சொதப்பினால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகூட வெட்டலாம். விரல் வராவிட்டால் இருபத்திரண்டு வருடச் சலூனுக்குப் பூட்டுதான். அதுதான் என் பயம்.

இங்கே எனக்கு மூன்று வாத்தியார்கள். நடை பழக்கும் பிசியோ தம்பி, விரல் பழக்கும் அக்கா, பேச்சும் விழுங்குவதும் பழக்கும் டீச்சரம்மா. மூவருக்கும் மேலே டாக்டரம்மா. எல்லோரும் தங்கமானவர்கள், வாத்தியார்கள் மூவருக்கும் ஒரே வியாதி: வீட்டுப்பாடம். "அரை மணி நேரம்தாண்ணே, காலைல ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு" என்பார்கள், ஆளாளுக்கு. நானும் பேராசைக்காரன். எல்லாவற்றையும் செய்து, என் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை சீப்பு கையிலிருந்து நழுவியது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை எடுக்கவே முடியவில்லை. நோய் திரும்பிவிட்டது, இனி சலூன் அவ்வளவுதான் என்று நினைத்து, வெட்கமில்லாமல் அழுதேன்.

டாக்டரம்மா உடனே வந்து கையைச் சோதித்துவிட்டு, மறுநாள் கூட்டத்தில் பேசலாம் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். நோயாளிக்கும் நாற்காலி உண்டு, வீட்டுக்காரிக்கும் உண்டு. மூன்று வாத்தியார்களும் தாங்கள் கொடுத்த பாடத்தைப் பெருமையாகப் படித்துக் காட்டினார்கள். என் மனைவி பேருந்துப் பணிமனையில் டிரைவர்களுக்கு நேர அட்டவணை போடுகிறவள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள்.

"இங்க செய்யறது மூணு மணி நேரம். நீங்க தனித்தனியா குடுத்தது இன்னொரு மூணு. இவரா சேத்துக்கிட்டது ஒண்ணரை. ஆக ஏழரை மணி நேரம், நடுவுல ஓய்வே இல்ல" என்று தாளை மேசையில் வைத்தாள். "நல்லா இருக்கற டிரைவருக்கே ஓய்வில்லாம இப்படி ஷீட் போட்டா எங்கள வேலைய விட்டே தூக்கிடுவாங்க."

அதுவரை யாருமே மொத்தத்தைக் கூட்டிப் பார்த்ததில்லை.

"நோய் திரும்பல. நரம்பு இப்பதான் துளிர்க்குது, நாம எல்லாருமா சேந்து அதைக் களைப்பாக்கிட்டோம்" என்றார் டாக்டரம்மா. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சின்ன வயதிலேயே படித்தவன்தான் நான். படித்து என்ன பயன்?

நான்கு நாள் ஓய்வு. பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரே அட்டவணை, என் மனைவியின் கையெழுத்தில். சீப்பு மெல்லக் கையில் நின்றது.

பத்தாம் நாள் விரல் பழக்கும் அக்கா நிஜக் கத்தரியை நீட்டினார். "பத்து நிமிஷம். யாரு தலை?"

"தப்புப் பண்ணினவன் தலைதான்" என்று பிசியோ தம்பி வந்து உட்கார்ந்தார்.

வெட்டினேன். முதலில் கத்தரி இடறியது, பிறகு பழைய சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நெஞ்சு நிறைந்துபோனது. இடது பக்கம் முடிந்து, வலது பக்கம் தொடங்கப் போனேன்.

"நேரம் ஆச்சு" என்று, பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்ற என் மனைவி கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அண்ணி, பாதிதான் ஆயிருக்கு! வெளில எப்படிப் போவேன்?"

"ஷீட்டுன்னா ஷீட்டுதான் தம்பி. மீதிக்கு நாளைக்கு வாங்க."

அவர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார். நாளைக்கு வரச்சொல்லி ஒரு வாடிக்கையாளரை அனுப்பி எத்தனை மாதமாகிவிட்டது எனக்கு!