ஹெட்லைட்டுக்குக் கீழ ஒரு சொட்டு

அங்கதாங்க இருந்துச்சு, இடது ஹெட்லைட்டுக்குக் கீழ, ஒரே ஒரு சொட்டு, இப்ப இல்ல, துடைச்சிட்டாங்க, துடைச்சிட்டாங்க என்ன, நான்தான் துடைச்சேன், இந்தக் கையாலதான் பட்டன அமுக்கினேன். பழைய கார்ட்டூன் படம், அதுல ஒரு கிழட்டு டாக்ஸி, ஹெட்லைட்டுதான் கண்ணு, வைப்பர்தான் புருவம், பம்பர்தான் வாயி, ஓனர் புதுசா ஒரு சிவப்புக் கார வாங்கிட்டு வந்து அதுக்கு முத்தம் குடுக்குறான், இது காயலாங்கடை வாசல்ல நின்னு பாக்குது, உடம்பெல்லாம் நடுங்குது, அப்ப கண்ணுல அந்த சொட்டு வரும். வரணும். நான் வேல செய்யுறது சென்னையில, பழைய படச்சுருள ஸ்கேன் பண்ணி கீறல், தூசியெல்லாம் எடுத்துக் குடுக்குற கம்பெனியில, அங்க தூசி எடுக்க ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு ஃப்ரேம்ல இருந்துட்டு அடுத்த ஃப்ரேம்ல இல்லாதது எல்லாமே அதுக்குத் தூசி, மழை தூசி, தீப்பொறி தூசி, அதனால எத எடுக்கக் கூடாதோ அதச் சுத்தி நாமதான் முதல்லயே கட்டம் போட்டு வைக்கணும், நான் மழைக்குப் போட்டேன், எக்ஸாஸ்ட் புகைக்குப் போட்டேன், இதுக்கு மட்டும் போடல, மறந்தே போயிட்டேன், ஆறு வயசுல நான் அழுத படத்துல, பாருங்க கொடுமைய.

அப்ப நாங்க தென்காசியில இருக்கோம், பெட்டி மாதிரி டிவி, லீவு நாளு, நானும் அக்காவும் தரையில குப்புறப் படுத்துட்டு பாக்குறோம், அந்த சொட்டு வந்ததும் நான் எந்திரிச்சுப் போயி பாவாடை நுனியால டிவி கண்ணாடிய துடைக்கிறேன், கண்ணாடி சுர்ர்ர்ருங்குது, கையில முடியெல்லாம் நிக்குது, அக்கா உருண்டு உருண்டு சிரிக்கிறா, ஏ கிறுக்கி, அது உள்ள இருக்குடி, வெளிய துடைச்சா எப்படிப் போகும், நான் விடாம துடைக்கிறேன், அக்கா சிரிப்ப நிறுத்திட்டு அவளும் மூக்க உறிஞ்சுறா, டிவிக்குள்ள இருந்து அந்த டாக்ஸி கூடத்துக்கே வந்துருது, சோபாவுக்கும் பீரோவுக்கும் நடுவுல நிக்குது, எஞ்சின் சூடு மூஞ்சில அடிக்குது, இது நடந்துச்சா, நேத்து மானிட்டர் முன்னாடி கண்ணசந்தப்ப வந்த கனவானு தெரியல, அன்னிக்கு எவ்வளவு தேச்சும் போகல, இப்ப ஒரு பட்டன்ல போயிருச்சு.

திலீபன் சார்கிட்ட போய் நின்னேன், அவர்தான் எங்க டீம் லீடர், சார் ஒரு தப்பாயிருச்சு, மூணாவது ரீல திரும்பத் திறக்கணும்னேன், அவர் டீ கப்ப வாயில இருந்து எடுக்காமலே, என்னம்மா நீ, அஞ்சு மணிக்கு அனுப்பணும், படம் குடுத்த பார்ட்டி ஓகே சொல்லியாச்சு, யாரும் ஒண்ணும் கேக்கலயேங்குறாரு. கேக்கல சார், சிவப்புக் காரோட பாலிஷ் மங்கலா இருக்குன்னு மூணு மெயில் போட்டாங்கல்ல, மூணு மெயில், அதுக்கு நாம ரெண்டு நாளு உக்காந்தோமே, இந்தக் கிழவன் கண்ணுல இருந்தது போனதுக்கு ஒரு மெயில் இல்ல, அது நியாயமானு கேட்டேன். அதுக்கு அவரு, கார்தானம்மா அதுங்குறாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். கார்தானாம். அப்ப எதுக்கு சார் அதுக்குப் புருவம் வச்சாங்க?

பக்கத்து சீட்டு சகாயம், நாகர்கோவில்காரன், மெதுவா என்னைய இழுத்து, ஏ பிள்ள, உனக்கு கான்ட்ராக்ட் இந்த மாசத்தோட முடியுதுல்லா, புதுப்பிக்கிறது அவரு கையில, சும்மா கெடங்குறான். சும்மா கிடக்கவா, நான் அக்காவுக்கு போன் போட்டேன், அக்கா உனக்கு ஞாபகம் இருக்கானு முடிக்கல, அவ சொல்றா, இருக்கு இருக்கு, பம்பர் மேல டொப்புனு விழுந்து சிதறும்லா. ஆமா, சிதறும், எனக்கும் அப்படித்தான் ஞாபகம். ஆனா துடைக்காத ஸ்கேன தேடி எடுத்துப் பாத்தா அது விழவே இல்லைங்க, கார் நடுங்குறதுக்கு ரெண்டே ரெண்டு படம் வரைஞ்சு அதையே மாத்தி மாத்தி நாலு செகண்டு ஓட்டிருக்காங்க, ஒண்ணுல சொட்டு இருக்கு, ஒண்ணுல இல்ல. திலீபன் சார் பின்னாடி வந்து நின்னு குனிஞ்சு பாத்தாரு, பாத்தியா, வரைஞ்சிருந்தா ரெண்டுலயும்ல வரைஞ்சிருப்பான், இது ஷூட் பண்ணும்போதே அந்த ஒரு படத்து மேல ஒட்டிக்கிட்ட தூசி, நீ பண்ணது சரிதாம்மா, போ, போய் சாப்பிடு.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கு, அதான் இன்னும் கோவம், நானும் அக்காவும் ஒரு தூசிக்கா அப்படி அழுதோம், இல்ல சார், கண்ணுல தண்ணிய அடக்கிட்டு நிக்கிறவங்கள நீங்க பாத்ததே இல்லையா, அது விழாது, இப்படித்தான் மின்னி மின்னி மறையும்னேன், குரல் உடைஞ்சிருச்சு, சகாயம் கீபோர்டையே பாத்துட்டு இருந்தான், அப்படியே தூசியா இருந்தாலும் வரைஞ்ச படத்த கேமராவுக்குக் கீழ வச்சவன் பாத்திருப்பான்ல சார், ஊதிவிட எவ்வளவு நேரம் ஆகும், அவன் ஊதலையே, நாம யாரு ஊதுறதுக்கு? சொல்லிட்டு உக்காந்து சொட்டத் திரும்ப வைக்க ஆரம்பிச்சேன், ஸ்கேன்ல சொட்டு இருந்த நாப்பத்தெட்டு ஃப்ரேம், ஒவ்வொண்ணா, கையால, சாப்பிடல, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது வந்து வந்து உக்காருது, நாலே முக்காலுக்கு முடிச்சேன். அவர் ஓட விட்டுப் பாத்தாரு, இன்னொரு தடவ பாத்தாரு, அப்புறம், தூசிய விட்டுட்டீங்கன்னு மெயில் வந்தா உன் பேரத்தான் சொல்லுவேன் பாத்துக்கன்னாரு, தாராளமா சொல்லுங்க சார், இனிஷியலோட சொல்லுங்கன்னேன், அனுப்பிட்டாரு. இனி மெயில் வருமோ, கான்ட்ராக்ட் வருமோ, தெரியாது, படம் வெளிய வந்ததும் நீங்க கண்டிப்பா பாருங்க, காயலாங்கடை வாசல் வர்றப்ப கண்ண இமைக்காம இடது ஹெட்லைட்டையே பாருங்க, பாத்துட்டு ஒளிக்காம சொல்லுங்க, உங்களுக்கு அது தூசியாவா தெரியுது?