ஓடுதளத்தில் வழியனுப்புதல்

எனக்குச் சரியாக நினைவில்லை. காலையாக இருக்கலாம். ஓடுதளம் பின்னோக்கி ஓடியது மட்டும் நிச்சயம்.

எங்கள் ஊர் விமான நிலையத்தில் ஓடுதளம் ரப்பர் பட்டையால் ஆனது. விமானத்தின் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பட்டை அதே வேகத்தில் பின்னால் ஓடும். அதனால் எந்த விமானமும் கிளம்பாது என்று எல்லோரும் நம்பினோம். அழாமல் வழியனுப்ப வசதியாக இருந்தது.

என் மனைவி வாசுகிக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை. விமான ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பட்டைமேல் நடந்தபடி அவள் பக்கத்திலேயே இருந்தேன். போகாதே என்று சொல்ல வந்திருந்தேன். அவசரமில்லை என்று தோன்றியது.

"மூச்சு வாங்குதே, நில்லுங்களேன்."

"நின்னா பின்னாடி போயிடுவேன்."

"சிலிண்டர் புக் பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

பிறகு நெடுநேரம் அவள் ஜன்னலோரமாகவே நடந்தேன். நன்றாக இருந்தது.

என் பெரியம்மா கம்பத்தில் ஏறி, காற்றின் திசை காட்டும் துணிப்பையாகிவிட்டாள். மேற்கைக் காட்டினாள்.

விமானம் முன்னால் நகர்ந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, ஊறுகாய மறந்துட்ட" என்று பின்னாலிருந்து கத்தினான் மச்சான் தெய்வநாயகம்.

விமானம் பழைய இடத்துக்கே வந்தது. விமானி பெலிக்ஸ் இறங்கினார். படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"கிளம்புறப்ப பின்னாடி கூப்பிடலாமா தம்பி? இன்னொரு தடவ கூப்பிட்டா பயணமே கேன்சல்."

"இது எப்படி சார் நகருது?" என்று கேட்டேன்.

"இது என்ன பஸ்ஸா, தரைய மிதிச்சுப் போக? காத்தத் தள்ளிட்டுப் போறது. சக்கரம் சும்மா உருளும். பட்டை ஓடுனா உங்களுக்குத்தான் கால் வலி."

மச்சான் ஊறுகாயை ஜன்னலில் கொடுத்துவிட்டு நின்றான். நின்றதால் பக்கத்துத் தாலுகாவுக்குப் போய்ச் சேர்ந்தான்.

வாசுகி என்னைப் பார்த்தாள். "ஏதோ சொல்ல வந்தீங்க."

"ஊறுகாய் சிந்தாம பாத்துக்கோ."

"அவ்வளவுதானா?"

பெலிக்ஸ் ஏறி மறுபடி கிளப்பினார். ஜன்னல் என்னைக் கடந்தது. இப்போது நான் பின்னால் இருந்தேன். ஒரு குரல் போதும். வழியனுப்ப வந்த அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிறவளுக்கு ஆகாது. வாயை மூடிக்கொண்டேன்.

விமானம் ஏறியது.

வாசுகி மஸ்கட்டில் இப்போது தலைமை நர்ஸ். மச்சான் பக்கத்துத் தாலுகாவிலேயே பெண் எடுத்துவிட்டான். பெலிக்ஸ் ஓய்வு பெற்றுவிட்டார். பெரியம்மா இன்னும் மேற்கைத்தான் காட்டுகிறாள். சிலிண்டர் வந்துவிட்டது. பட்டையை யாரும் நிறுத்தவில்லை. நான் நடந்துகொண்டிருக்கிறேன்.