காலரில் மாட்டிய கருவி

ஜல்பாவுடன் செராமிக் பொறியியல் படித்த தோழிகளில் ஒருத்தி ராக்கெட்டுக்கு வெப்பம் தாங்கும் ஓடு செய்யப் போனாள், இன்னொருத்தி செயற்கை இடுப்பு மூட்டு செய்யப் போனாள். ஜல்பா குஜராத்தில் தன் சொந்த ஊரான மோர்பியிலேயே டைல்ஸ் ஆலையில் சேர்ந்தாள்.

முதல் வேலை தூசி அளப்பது. தொழிலாளியின் காலரில் கருவியை மாட்டி, எட்டு மணி நேரத்தில் அவர் சுவாசிக்கும் மண்தூளைப் பிடிக்க வேண்டும்.

மேனேஜர் மன்சுக்பாய், காட்டியா என்ற கடலைமாவு நொறுக்குத்தீனியைக் கொறித்தபடி சொன்னார்: "ஜல்பாபென், அதை என் ஏசி ரூம்லயே மாட்டிடுங்க. ரீடிங் சுத்தமா வரும். ரிப்போர்ட்ல கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்க."

"மண் அரைக்கிற இடத்துல வேலை செய்யுற பெரியவர் ராம்ஜிகாக்கா ரத்தமா துப்புறாரு, சார்."

"பீடி குடிச்சா அப்படித்தான்."

"கழுத்துல சுவாமிநாராயண் கண்டி மாலை போட்டு, புகையிலையே தொடமாட்டேன்னு விரதம் எடுத்தவரு சார் அவரு! பீடியைத் தொட்டதே இல்ல."

நாலு வருஷம் படித்தது இந்தப் பொய்க்கா? ஜல்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துபோய்க் கருவியை மன்சுக்பாயின் காலரிலேயே மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

"வாங்க சார், ராம்ஜிகாக்கா பக்கத்துல எட்டு மணி நேரம் நில்லுங்க. சுத்தமா வந்தா கையெழுத்துப் போடுறேன்."

கதவைத் திறந்து பிடித்தாள். 'மாஸ்க் ஸ்டாக் இல்லை' என்று நேற்று ராம்ஜிகாக்காவைத் திருப்பி அனுப்பிய மன்சுக்பாய், அவசரமாக இழுப்பறைக்குள் கையை விட்டு ஒரு புது மாஸ்க்கை எடுத்தார்.