செங்கம்மா பேச்சைக் கேட்டுத் திருப்பதிக்குப் போன பள்ளிக்கூடம்

காணிப்பாக்கம் பிள்ளையார் குளத்தில் முங்கியெழுந்து, ஈரத்துணியோடு சொல்கிறேன்: இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்தக் குளத்தில் முங்கிப் பொய் சொன்னவன் படியேறுவதற்குள் சுருண்டு விழுவான் என்பது சித்தூர்ச் சீமையில் குழந்தைக்கும் தெரியும்.

கங்காதர நெல்லூர்ப் பக்கம் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று, தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆடி மாதத்தில் எழுந்து திருப்பதிக்கு நடந்து போனது. அதற்கு முன்பு அங்கே ஹெட்மாஸ்டராக இருந்தவர் எத்திராஜ். ஹெட்மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு மரியாதை போய்விடும் என்பது அவர் கொள்கை. உட்கார்ந்தபடியே அதட்டுவார், அதட்டல் ஊர்க்கோடி வரை போய்ப் பிள்ளைகளைக் காதைப் பிடித்து இழுத்து வரும். பிறகு திருப்பதியில் லாட்ஜுகள் முளைத்தன, ஊர் ஜனம் குடும்பத்தோடு கட்டட வேலைக்குக் கிளம்பியது. எத்திராஜின் அதட்டல் பூட்டிய வீடுகளில் மோதித் திரும்பி வந்து விழுந்ததில் கூரை ஓடு உடைந்தது. அந்தச் சமயம் பார்த்து அவருக்குப் பதவி உயர்வு வந்து, மண்டல் ஆபீசில் கல்வி அதிகாரி ஆனார்.

அவர் இடத்துக்கு வந்த தாட்சாயணி டீச்சருக்கு நாற்காலியில் உட்கார நேரமில்லை. காலையில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளை எழுப்பி, மூக்கைத் துடைத்துக் கூட்டி வருவார். பள்ளிக்கூடத்துக்கும் அது பழகிப்போய், அவர் தெருவில் இறங்கினால் வாசலை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். ஆயுத பூஜைக்குள் பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு என்று எத்திராஜ் உத்தரவு போட்டார். கடைசியாக மிச்சமிருந்த செங்கம்மாவும் அந்த வாரமே மூட்டை கட்டினாள். அவள் மகள் சந்தியா ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"இவள ஒருத்தியாவது உட்டுட்டுப் போ, செங்கம்மா."

"யாராண்ட உட்றது டீச்சரம்மா? கெணறு வத்திப்போச்சு. அங்க நான் கல்லு சொமந்தா, இவ லாட்ஜில எச்சத் தட்டு கழுவுவா. அவ்ளோ அக்கறன்னா ஸ்கூல அங்க தூக்கினு வாங்களேன்!"

குத்தலாகச் சொன்னதுதான். தாட்சாயணி சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அவர்கள் போன பஸ்ஸின் பின்னால் நடந்தார். பள்ளிக்கூடம் அவர் பின்னால் நடந்தது. பாகாலா ரயில்வே கேட்டில் வண்டி போகும்வரை நின்றது. சந்திரகிரியில் ஒரு லாரிக்காரன் ஹார்ன் அடித்தபோது ஒதுங்கி வழி விட்டது. திருப்பதியில் லாட்ஜ் கட்டும் இடத்துக்குப் பக்கத்துக் காலி மனையில் உட்கார்ந்தது. மணி அடித்ததும் தகரக் கொட்டகைகளிலிருந்து சந்தியாவும் மற்ற ஊர்ப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எத்திராஜ் பூட்டோடு ஜீப்பில் ஊருக்கு வந்தார். அவருடைய பழைய நாற்காலி மட்டும் வெட்டவெளியில் நின்றது. தாட்சாயணி பஸ் பிடித்து வந்து காத்திருந்தார்.

"எங்கம்மா ஸ்கூலு?"

"திருப்பதி போயிருக்குது சார்."

"யாரக் கேட்டுனு போச்சு?"

"புள்ளைங்களக் கேட்டுனு."

கட்டடத்தை இந்தம்மாதான் கடத்திவிட்டார் என்று எத்திராஜ் கத்தினார். இந்த மாதிரி வழக்கை எங்கள் பக்கம் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில்லை, காணிப்பாக்கத்துக்குத்தான். தாட்சாயணி குளத்தில் முங்கியெழுந்து, "நான் அதத் தொடக்கூட இல்ல. புள்ளைங்களத் தேடிப் போனேன், அது கூட வந்துச்சு" என்றார். படியேறினார், விழவில்லை. பிள்ளையாரே ஒப்புக்கொண்டதை மறுக்க எத்திராஜுக்கு அதிகாரம் இல்லை. பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கரும்பு வெட்டுக்கு ஜனம் ஊர் திரும்பினால் பள்ளிக்கூடமும் திரும்பும். வெட்டு முடிந்தால் கூடவே போகும். சந்தியா அதில்தான் ஐந்தாவது தேறினாள். எத்திராஜ் இன்ஸ்பெக்ஷனுக்கு அதன் பின்னால் நடந்தே செருப்பைத் தேய்த்தார். நாற்காலியில் இப்போது ஆடு கட்டுகிறார்கள்.

தாட்சாயணி முங்கிய வருஷமும் சரி, நான் முங்கிய இன்றைக்கும் சரி, அந்தக் குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை.